தாகம் எடுக்காத ஊர்

காலை வண்டிகள் எல்லாம் கேன்களை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் அருணா உட்காருவாள். கண்ணமங்கலத்தில் ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்குப் பரிசோதனை வேலை. ஒவ்வொரு கேனாக மூடியைத் திறந்து, அடிவரை கலக்கி, சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைப்பாள். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மெஷின் காட்டும். தண்ணீர் கலந்த பாலைத் திருப்பி அனுப்பினால் கொண்டுவந்தவர்கள் ஏசுவார்கள். அவள் காதில் வாங்காமல் அடுத்த கேனுக்குப் போவாள். வேலை முடிகிறபோது புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு சுவர் ஓரமாகக் குந்தி, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவாள்.

அப்படிக் குந்தியிருந்த ஒரு வைகாசிக் காலையில் மேனேஜர் புருஷோத்தமன் வந்து, காலி கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"அருணா, ஜமுனாமரத்தூர் மலைக்கு உன்னப் போட்டுகிறாங்க."

"எதுக்கு சார்?"

"ஏரியா சூப்பர்வைசரு. மேல ஊருக்கு ஊரு பால் சென்டரு தொறந்தாச்சி. பாக்க ஆளில்ல. கீழ வர்றதுக்குள்ள பாதி பாலு திரிஞ்சி பூடுது. காலைல ஒரு ஊரு, சாயங்காலம் ஒரு ஊருன்னு நீ சுத்திகினே இருக்கணும்."

"எங்க சார் தங்கறது?"

"எங்கனா தங்கிக்க. கம்பெனி ஒண்ணும் கேக்காது. ஆனா பாலு ஊத்தற நேரத்துக்கு நீ அங்க நிக்கணும்."

அருணா டிபன் பாக்ஸை மூடினாள். "எங்க வூட்டுக்காரரு நெலம உங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும்மா. சொல்லிப் பாத்தேன். இங்க பெரிய மெஷினா போட்டுடப் போறாங்களாம். டெஸ்டிங்குக்குத் தனியா ஆளு வேணாம்ன்றாங்க. மலைக்கிப் போனா வேல கீது. இல்லன்னா..." அவர் முடிக்காமல் எழுந்து, கேனைப் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அருணாவின் புருஷன் இளவரசன் லாரி டிரைவராக இருந்தவன். சூரத், நாக்பூர் என்று லோடு ஏற்றிக்கொண்டு போய் மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்தவன். இரண்டு கிட்னியும் போன பிறகு வீட்டோடு கிடந்தான். வாரத்தில் இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இடது முழங்கையின் உட்பக்கம் ஊசி குத்திக் குத்தி, நரம்பு கயிறு முறுக்கினாற்போலப் புடைத்திருந்தது.

வெயில்காலம் அவனுக்கு எமன். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அருணா ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டுப் போவாள். கத்திரி வெயிலில் அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே இருப்பான். துப்பும்போது கொஞ்சம் உள்ளே போகும். அது அருணாவுக்குத் தெரியும். பார்க்காததுபோல இருந்துவிடுவாள். சாப்பாடும் அப்படித்தான். சுரைக்காயோ பூசணியோ, எதுவானாலும் நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்துதான் அவனுக்குப் போட வேண்டும். உப்பு நாக்கில் படாது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் அவனுக்கு வித்தியாசம் மறந்துபோயிருந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அருணா விஷயத்தைச் சொன்னாள். பிளஸ் டூ படிக்கிற மகள் கீதாஞ்சலி தட்டைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சந்தவாசல்ல வூடு பாக்கலாம்," என்றான் இளவரசன். ரோடு என்றால் அவனுக்குக் குரல் தெளிந்துவிடும். "நீ போளூர் போயி மலை ஏறிக்கலாம். நான் பஸ்ஸு ஏறனா நேரா வேலூரு. ரெண்டு பேருக்கும் நடுவால."

"விடியறதுக்குள்ள நான் மேல நிக்கணுங்க. சந்தவாசல்லேருந்து எப்ப கெளம்பறது?"

"அப்ப போளூரு."

"போளூர்ல இருந்தாலும் மலை ஏறித்தான ஆவணும்? மொத பஸ்ஸு போயி சேர்றதுக்குள்ள பாலு ஊத்திட்டு அவனவன் காட்டுக்குப் பூடுவான்."

"அப்ப மேலயே பாரு."

"உங்கள இன்னா பண்றது?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நான் ஸ்கூல் மாற மாட்டேம்மா," என்றாள் கீதாஞ்சலி. "பப்ளிக் எக்சாம வெச்சிகினு எங்க வர்றது?"

"உன்ன யாருடி இப்ப கூப்ட்டா?" என்று அருணா சொன்ன வேகத்தில், பெண் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுவாரம் சந்தவாசலில் ஒரு வீடு பார்த்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. புது வீடு. சுவரில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. வீட்டுக்காரி சாந்தம்மாள் சின்னதாய் ஒரு மளிகைக்கடை வைத்திருந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். எந்தப் பக்கம், என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டு, பதில் திருப்தியாக இருந்ததும் சாவியை எடுத்து வந்து காட்டினாள். பின்பக்கம் கிணறு இருந்தது. துணி துவைக்கிற கல் இருந்தது. இளவரசன் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். அருணாவுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

வெயிலில் வந்தவர்கள் என்று சாந்தம்மாள் இரண்டு டம்ளர் மோர் கொண்டு வந்தாள். இளவரசன் வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் அருணாவிடம் நீட்டினான்.

"ஏன் தம்பி, மோரு ஆவாதா?" என்று கேட்ட சாந்தம்மாள் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தாள். "அது இன்னா கையில, முடிச்சி முடிச்சா?"

அருணா சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் சொன்னாள்.

சாந்தம்மாள் கதவு நிலையைத் தடவினாள். "தப்பா நெனச்சிக்காதம்மா. எங்க ஓரகத்தி அண்ணனுக்கும் இதே நோவுதான். தெரியாம பேசல. பால் காச்சி வருஷம்கூட ஆவல இந்த வூட்டுக்கு. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா, அப்பால இதுல யாரு குடி வருவா?"

"நான் உள்ளயே படுக்க மாட்டேம்மா," என்றான் இளவரசன். "வராண்டாவுல படுத்துக்கறேன்."

அவன் வேடிக்கையாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அருணாவுக்குப் புரியவில்லை. சாந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்புறம் போளூரில் ஒன்று பார்த்தார்கள். மாடி. ஏறி முடிப்பதற்குள் இளவரசனுக்கு மூச்சு வாங்கியது. பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "நீ மட்டும் பாத்துட்டு வா," என்றான். அவள் பார்க்காமலே திரும்பி வந்தாள்.

கண்ணமங்கலத்திலிருந்தே போய்வந்து பார்ப்பது என்று ஆனி மாதம் முழுக்க அருணா ஸ்கூட்டியில் போனாள். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் கிளம்பி, போளூர் தாண்டி மலை ஏறும்போது கிழக்கு வெளுக்கும். மேலே போகப் போகப் பனிமூட்டம். வண்டி விளக்கு அதில் பட்டு அவள் முகத்துக்கே திரும்பி அடிக்கும். வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து போவாள். மலைச் சனங்கள் தூக்குவாளியிலும் சொம்பிலும் பாலோடு வரிசையாக நிற்பார்கள். எல்லாம் நாட்டு மாட்டுப் பால், ஆளுக்கு ஒரு படியோ அரைப் படியோ. பார்த்து, ஊற்றி, வண்டியில் ஏற்றி, அடுத்த ஊருக்குப் போய், சாயங்காலப் பாலையும் பார்த்துவிட்டு இறங்கினால் வீட்டில் இளவரசன் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

மாதக் கடைசியில் ஒரு வளைவில் ஈரத்தழை மேல் சக்கரம் ஏறி வண்டி சறுக்கிவிட்டது. முழங்கால் சிராய்ந்து, கைப்பிடி வளைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பால் திரிந்துவிட்டது. கேனோடு ரோட்டோரம் கவிழ்த்திருந்தார்கள். வெள்ளையாய் ஓடி ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவளை ஏசவில்லை. ஒருத்தி மட்டும், "நீ வருவேன்னுதான் காத்துகினு கெடந்தோம்," என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு போனாள்.

புருஷோத்தமன் போனில் சத்தம் போடவில்லை. "இன்னொரு வாட்டி ஆனா நான் காப்பாத்த முடியாதும்மா," என்றார்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி ராஜவேலுவுக்கு ஒரு ஓட்டு வீடு காலியாக இருந்தது. மலைக்காரர். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். சாமையும் கொள்ளும் போட்டிருந்தார். இளவரசனும் பார்க்க வருவேன் என்று பிடிவாதமாகப் பஸ் ஏறி வந்தான். வளைவுகளில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் இவன் கையும் மடியில் அசைந்தது.

இறங்கியதும் காற்று வந்து மோதியது. ஆடி பிறக்கப்போகிற காற்று. பலா மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. இளவரசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு முன்னால் கிடந்த பாறை மேல் உட்கார்ந்தான். அருணா உள்ளே போய் அடுப்பங்கரை, ஓடு, தண்ணீர்க் குழாய் எல்லாம் பார்த்துவிட்டு வந்தபோதும் அப்படியே இருந்தான்.

"வூட்ல யாரு யாரு?" என்று கேட்டார் ராஜவேலு.

"நானும் இவரும்தான். பொண்ணு கீழ படிக்கிது. இவருக்கு ஒடம்பு..." அருணா முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சந்தவாசலில் பட்டது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"பாத்தாலே தெரியுது," என்றார் ராஜவேலு. "ஒடம்பு நோவாத மனுசன் எவன் இருக்கான்? இருந்துட்டுப் போவட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது இளவரசன் சொன்னான்: "அருணா, காலைலேருந்து தாகமே எடுக்கல."

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

"இங்கயே பாத்துடு," என்றான். "ஆஸ்பத்திரிக்கி நான் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன். ஊரெல்லாம் லாரி ஓட்னவன் நானு. வேலூரு போய்ட்டு வர மாட்டனா?"

கண்ணமங்கலத்து வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். கீதாஞ்சலி அதே ஊரில் இருந்த அத்தை சகுந்தலா வீட்டில் தங்குவது என்று முடிவானது. சகுந்தலா இளவரசனுக்கு அக்கா. "புள்ளைய நான் பாத்துக்கறேன். எந்தம்பி வேலூரு போயிட்டு வர்ற நாள்ல இங்கயே படுத்துக்கட்டும்," என்றாள். சொல்லும்போது அவள் புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சாமான்களைப் பால் வண்டியிலேயே ஏற்றினார்கள். வண்டி ஓட்டுகிற வெற்றிவேல் பீரோவைக் கேன்களுக்கு நடுவே படுக்க வைத்துக் கட்டினான். கீதாஞ்சலி வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை வந்தாள். அப்பாவிடம், "போன் பண்ணு நைனா," என்றாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் நன்றாகத்தான் போயிற்று என்று சொல்ல வேண்டும். செவ்வாயும் சனியும் முதல் பஸ்ஸில் இளவரசன் மலை இறங்குவான். வேலூரில் மெஷினில் கிடந்துவிட்டு, கண்ணமங்கலத்தில் அக்கா வீட்டில் படுத்து, மறுநாள் மத்தியானம் மேலே வருவான். மற்ற நாட்களில் வீட்டு முன்னால் பாறை மேல் உட்கார்ந்திருப்பான். ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே என்ன வண்டி, எந்த கியரில் ஏறுகிறது என்று ராஜவேலுவுக்குச் சொல்வான். ராஜவேலு சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே கேட்பார். அருணா நம்மியம்பட்டு, கோவிலூர் என்று சுற்றிவிட்டு வரும்போது, அவன் சுரைக்காயை நறுக்கி, ஒரு தரம் வேகவைத்து வடித்தும் வைத்திருப்பான். கலியாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவன் கையால் அடுப்பு மூட்டி அவள் பார்த்ததில்லை. அவன் மாதக்கணக்கில் ரோட்டில் கிடந்தவன். அவள் ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். தினம் ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருணா வந்தபோது இளவரசன் வீட்டில் இருந்தான்.

"போவலியா?"

"பஸ்ஸு வர்ல. கீழ மரம் வுழுந்துட்ச்சாம்."

சனிக்கிழமை போனான். அடுத்த செவ்வாய் மறுபடியும் பஸ் வரவில்லை என்றான். அன்று சாயங்காலம் பால் ஊற்ற வந்த ராஜவேலு, வாளியை வாங்கிக்கொள்ளும்போது தணிந்த குரலில் சொன்னார்: "பஸ்ஸு வந்துச்சும்மா. நின்னுச்சி. கண்டக்டரு கூப்டாரு. உன் வூட்டுக்காரரு ஏறல. கையக் காட்டி அனுப்பிட்டாரு. எங்கிட்ட, அருணாகிட்ட சொல்லாதீங்கன்னாரு. சொல்லாம எப்டி இருக்கறது?"

அருணா கேன்களை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். இளவரசன் அடுப்பு முன்னால் இருந்தான். முகம் லேசாக ஊதியிருந்தது. காலில் விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழி விழுந்து எழும்பாமல் நின்றது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் சுள்ளியை ஒடித்துப் போட்டான்.

"கேக்கறேன்ல?"

"முடியல அருணா."

"இன்னா முடியல?"

"எறங்கச்சொல்ல வளைவு ஒவ்வொண்ணுத்துலயும் வாந்தி. பக்கத்துல குந்தறவன் எய்ந்து போறான். அங்க போனா மெஷினு காலி ஆவற வரிக்கும் தரையில கெடக்கணும். வுட்டு எய்ந்தா ஒடம்பு துணிய முறுக்கிப் புழிஞ்ச மாதிரி கீது. அக்கா வூட்ல மாமா பேசறதில்ல. நான் போனா டிவிய அமத்திட்டு எய்ந்து போயிட்றாரு. பாப்பா எனக்குப் பாய் போட்டுட்டு அவ கதவோரம் படிக்கிது. மறுநாளு ஏறி வர்றேன். அப்பால ஒரு நாளு படுத்துனே கெடக்கறேன். எய்ந்து குந்தனா மறுபடி அந்த நாளு வந்துடுது. வாரத்துல எனக்குன்னு இன்னா மிச்சம்?"

"அதுக்குன்னு? செத்துப் போவலாம்னு பாக்கறீங்களா?"

"அப்டிலாம் பெருசா ஒண்ணும் நெனைக்கல. பஸ்ஸு வந்து நிக்கிது. காலு ஏற மாட்டேன்னுது. அவ்ளோதான்."

அருணாவுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப நான் எதுக்கு இந்த மலையில பேயாட்டம் திரியறேன்? யாருக்கு? தோ, நாளைக்கே வேலைய வுட்டுட்றேன். வேலூர்லயே ஒரு குடிசையப் பாத்துகினு கெடப்போம்."

"வுட்டுட்டு?"

"நாலு வூட்ல பாத்திரம் தேய்க்கிறேன்."

"பாப்பா காலேஜி?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளும்பியது. இறக்கி வைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"உன்ன நான் கொற சொல்லல," என்றான் அவன். "நீ எங்க வூடு பாத்துருந்தாலும் இதேதான். சந்தவாசல்ல அந்தம்மா குடுத்துருந்தாலும், ஒரு மாசம், ரெண்டு மாசம் கூட ஓடிருக்கும். இங்க குந்திருக்கச்சொல்ல ஒண்ணும் தெரியல அருணா. வாயி காயல. நான் நோயாளின்றதே மறந்து பூடுது."

அருணா அவன் முன்னால் குந்தி அழுதாள். அவன் அவள் முதுகில் கையை வைத்தான். அப்புறம், "சரி, போறேன். அழுவாத. சனிக்கெழம போறேன்," என்றான்.

அந்தச் சனிக்கிழமை அருணா லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள். வாந்திக்குப் பை பிடித்தாள். மெஷின் காலியாகும் வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த செவ்வாயும் போனாள். சனியும் போனாள். மலையில் அந்த நாட்களில் பால் பார்க்க ஆளில்லாமல், தண்ணீர் கலந்தது, புளித்தது எல்லாம் கீழே போனது. புருஷோத்தமன் போன் செய்தார். "தலைமை ஆபீஸ்லேருந்து செவ்வாய்க்கெழம ஆளுங்க வர்றாங்கம்மா. சென்டரு எல்லாம் பாக்கறாங்க. நீ அன்னிக்கி இல்லன்னா மலை ரூட்டுக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. நான் சொல்லிட்டேன், அப்புறம் உன்பாடு."

செவ்வாய்க்கிழமை விடியும்போது மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. இளவரசன் பையை எடுத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"நீ வேலையப் பாரு. நான் போய்ட்டு வர்றேன்."

"ஏறிடுவீங்கல்ல?"

"ஏறிட்றேன்."

பால் சென்டரிலிருந்து பார்த்தால் பஸ் நிற்கிற இடம் தெரியும். அருணா கேன்களைத் திறந்து வைத்தாள். ஜீப்பில் வந்த ஆபீசர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பஸ் வந்த சத்தம் கேட்டது. நின்றது. கிளம்பியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். புளியமரத்தடியில் இளவரசன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் இவளைப் பார்த்தான். இவள் கையில் குப்பி இருந்தது. ஓடிப்போய் ஒரு வண்டியைக் கூப்பிட்டிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். உடம்பெல்லாம் அப்படி ஒரு அசதி அவளுக்கு. ஆபீசர் ஏதோ கேட்டார். அவள் தலையைக் குனிந்து குப்பியை மெஷினில் வைத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டான். நல்லா இருக்குது என்றான்.

அந்தச் சனிக்கிழமை மழை வலுத்து, நிஜமாகவே பாறை சரிந்து, பஸ் வரவில்லை. ஞாயிறு காலையில் இளவரசனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. உட்கார்ந்தே இரைத்தான். உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். அது ஒரு பிரசவக் கேசுக்கு வேறு பக்கம் போயிருந்தது. அதற்குள் பாறையைப் புரட்டிப் பாதி ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று வெற்றிவேல் பால் வண்டியோடு வந்து நின்றான். ராஜவேலுவும் அவனும் இளவரசனைத் தூக்கி, கேன்களை ஒதுக்கி, நடுவில் உட்கார வைத்தார்கள். அருணா பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ரெண்டாவது கியர்ல போறான்," என்று இளவரசன் இரைப்புக்கு நடுவில் சொன்னான். "சரியாத்தான் போறான்."

அதற்கப்புறம் அவன் பேசவில்லை. மரங்கள் விலகி, கீழே போளூர்ப் பக்கத்து ஏரிகள் பளிச்சென்று தெரிகிற இடத்தில் அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. அவள் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அடிவாரம் வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள். தொலைவு குறைந்தால் ஏதாவது மாறிவிடும் என்பதுபோல, "போப்பா, போப்பா," என்று வெற்றிவேலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கண்ணமங்கலத்தில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டதால் அவனைக் கிடத்த ஓர் இடம் இல்லை. சகுந்தலா வீட்டு முன்னால் தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தினார்கள். சகுந்தலா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன்தான் ஓடி ஓடி எல்லாம் செய்தார். கீதாஞ்சலி ஸ்பெஷல் கிளாசுக்குப் போட்ட யூனிபாரத்தோடு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் எடுத்துப் போன பிறகு அருணாவிடம் வந்து, "நைனா போன செவ்வா போன் பண்ணிச்சி. பஸ்ல போய்கினு கீறேன்னு சொல்லிச்சி," என்றாள். அருணா மகளைப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அவள் கையில் கொடுத்தாள்.

காரியம் முடிந்து அருணா மலைக்குத் திரும்பினாள். சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கொல்லைகளில் தாள் கட்டுகள் ஈரத்தோடு நின்றன. சென்டர் வாசலில் நின்ற பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு வரிசையில் நின்று பால் ஊற்றினார்கள்.

கார்த்திகைக் கடைசியில் புருஷோத்தமன் நேரிலேயே வந்தார். துக்கம் விசாரித்தார். டீ குடித்தார். தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார்.

"ஆலங்காயம் பக்கம் புது ரூட்டு ஆரம்பிக்கறாங்கம்மா. அப்பால செங்கம் பக்கமும். நெலையா ஒரு ஊருன்னு இல்ல, மாத்தி மாத்திப் போவணும். யாரக் கேட்டாலும் வூட்ல ஒத்துக்க மாட்டேன்றாங்கன்றான். தலைமை ஆபீஸ்ல உன் பேரத்தான் சொல்லிகிறேன். உனக்குதான் இப்ப எங்க போட்டாலும்..." சொல்லி வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. "அந்த அர்த்தத்துல சொல்லலம்மா."

"இல்ல சார். சரிதான்," என்றாள் அருணா. "எப்ப போவணும்?"

மார்கழியில் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை பார்த்தாள். முதலில் பார்த்த இடமே அதுதான். வீட்டுக்காரர் பல் குச்சியை மென்றபடி வந்து கதவைத் திறந்துவிட்டார். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு மேடை, மூலையில் குழாய்.

"எத்தினி பேரும்மா?"

"நான் மட்டுந்தாங்க. பொண்ணு அவ அத்த வூட்ல படிக்கிது."

"அப்ப ஒண்ணும் தொந்தரவு இல்ல," என்று அவர் அவள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.